மாட்டிடம் பேசிய ஜப்பான் பாஷை

என் வீட்டுக்காரருக்கு ஜப்பான் பாஷையில் நேரம் சொல்ல மட்டும்தான் தெரியும். அதுவும் அரைகுறை. ஆனால் கல்யாணமான புதிதில் அவர் பீற்றிக்கொண்டதைக் கேட்டிருந்தால், ஜப்பான் ராஜாவுக்கே பாடம் நடத்தியவர் என்று நினைத்திருப்பீர்கள். சின்னப் பிள்ளையில் பெரியப்பா குடும்பத்தோடு மலேயாவில் இருந்தவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் தன் பாஷையைக் கட்டியிருக்கிறான். கப்பலேறித் திரும்பியபோது இவர் கொண்டுவந்த சொத்து ஒரு தகரப் பெட்டியும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளும்தான்.

அபிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியும் எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது வந்து சேரவில்லை. மாமனார், மாமியார் முன்னால் புருஷனிடம் நேராகப் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்ல வேண்டும், அவர் காதில் விழும். எல்லா மருமகள்களும் செய்கிற வேலைதான். கஷ்டம் என்னவென்றால், மாமியாருக்கும் காது இருந்தது. அதனால்தான் நான் ஜப்பான் பாஷை படித்தேன்.

தொழுவம்தான் பள்ளிக்கூடம். இமா என்றால் இப்போது. கியோ, இன்றைக்கு. அவர் ‘அஷித்தா’ என்று அழகாகச் சொல்வார், என் வாயில் ‘அசித்தா’ என்றுதான் வந்தது, நாளைக்கு என்று அர்த்தம். அசா காலை, பான் சாயங்காலம். மணி சொல்ல எண்ணோடு ‘ஜி’ சேர்க்க வேண்டும். ஆறு மணி ரொக்குஜி, ஏழு மணி சிச்சிஜி.

“மணிக்கெல்லாம் வடக்கத்தி ஆளுக மாதிரி ஜி போடுறாகளே” என்றேன்.

“படிக்கிறதப் படி, புள்ள” என்று வாத்தியார் முறைத்தார்.

எருமை முதுகைத் தடவிக்கொண்டே “கியோ, பான், சிச்சிஜி” என்று நான் சொன்னால், அன்று அபிராமத்து டூரிங் கொட்டகையில் எங்களுக்குப் படம். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவோம். ஒரே மாதத்தில் மூன்று படம் பார்த்தோம், என் பக்தியைப் பற்றி மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசினார்.

ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். “மாட்டுக்கிட்ட என்னத்தா மொணமொணங்குற?”

“மலேயாப் பழக்கம், அத்தை. இப்பிடிச் சொன்னா மாடு பால நல்லா எறக்குமாம்.”

மறுநாள் காலையில் அத்தை செம்பை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, “இமா, இமா” என்று சொல்லிச் சொல்லிக் கறந்தார். கால்படி கூடுதலாக வந்ததாக வேறு சொன்னார். நான் அடுப்படிக்குள் ஓடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். எனக்கு அந்தக் கேடுகெட்ட குணம் அப்போதே உண்டு.

தொழுவத்தில் இன்னொருவரும் இருப்பார். பண்ணை வேலை பார்ப்பவர், ஐம்பது வயதை நெருங்கியவர். வீட்டில் பெரியவர் முதல் நேற்றுப் பிறந்தது வரை அவரை “ஏலே” என்றுதான் கூப்பிடும். அவரும் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர் என்று தெரியும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அவர் பாட்டுக்குச் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். எங்கள் கூத்தில் அவரை ஓர் ஆளாகவே நாங்கள் நினைக்கவில்லை.

நான் எட்டாவது தேறியவள். ராமநாதபுரத்தில் வாத்தியார் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர்தான் எனக்காக மனுப் போட்டார். நேரில் வரச் சொல்லிக் கார்டும் வந்தது. ஆனால் மாமனாரோ, “நம்ம வீட்டுப் பொம்பள சம்பாரிச்சுத்தேன் உல கொதிக்கணுமா?” என்று முன்பே ஒருமுறை முடித்துவிட்டவர். மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு சரி. நான் தினமும் மாட்டைக் கேட்பேன், இவர் தினமும் “அஷித்தா” என்பார்.

“ஒங்க அசித்தாவுல இடி விழ” என்று ஒருநாள் மாட்டைப் பார்த்தே வைதேன். மாடு பாவம்.

அப்படியே நாள் ஓடி, விடிந்தால் ராமநாதபுரம் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தச் சாயங்காலம் இவர் தொழுவத்தில் நின்று, “அஷித்தா, அசா, ரொக்குஜி” என்றார். ஆறு மணிக்கு மாமனார் வயலுக்கும் மாமியார் ஊருணிக்கும் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நழுவி, இரண்டு மைல் நடந்து, ஆறரை மணி பஸ்ஸைப் பிடிப்பதாம். திட்டம் போட்ட அழகைப் பாருங்கள்.

கோழி கூவவில்லை, கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் பண்ணைக்காரர். பின்னால் வண்டி பூட்டி நின்றது, மாடுகளின் கழுத்தில் மணியைக் காணோம்.

“ரொக்குஜி ஆச்சு தாயீ. வாங்க.”

என் வீட்டுக்காரர் கடிகாரத்தை லாந்தர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணி நாலு.

வம்பு பேச நேரமில்லை, ஏறிவிட்டோம். ஊர் தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“சயாமுக்கு ரயிலு ரோடு போட இழுத்துட்டுப் போனாய்ங்க தாயீ. அங்கன ரொக்குஜின்னா இம்புட்டு இருட்டுத்தேன். அப்பவே எந்திரிச்சு வருசையில நிக்கணும்.”

ஜப்பான்காரன் போன இடமெல்லாம் கடிகாரத்தைத் தன் ஊர் மணிக்குத் திருப்பி வைத்திருந்தான், விடிவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே ஆறு அடித்துவிடும் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். தானும் இருட்டில் பள்ளிக்கூடம் போனதை அப்போதுதான் நினைத்துக்கொண்டார்.

“எப்ப ஊருக்கு விடுவீகன்னு கேப்போம். அசித்தாம்பாய்ங்க. ரெண்டு வருசம் அதையேதேன் சொன்னாய்ங்க. எந்தம்பியும் கேட்டுக்கிட்டேதேன் இருந்தான். அங்கனயே போயிட்டான்” என்று சொல்லி, மாட்டை ஓட்டினார்.

எனக்கு உடம்பு கூசியது. எருமையோடும் மாமியாரோடும் நான் விளையாடிய அத்தனை நாளும் இந்த மனிதர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாமனார் காய்ச்சல் என்று வயலுக்கே போகவில்லை, வாசலிலேயே படுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ரொக்குஜியை நம்பியிருந்தால் நான் வாசல்படி தாண்டியிருக்க மாட்டேன். எனக்கு இடம் கிடைத்ததும், மாமனார் மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருந்ததும் பின்னால் நடந்தவை.

ரோட்டோரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். “நீ போ, அய்யா தேடுவாரு” என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர் போகவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

“அதான் ஏறிட்டேன்ல, அண்ணே. நீங்க போயிட்டு வாங்க” என்றேன்.

அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“அங்கன ஊருக்குன்னு ரயில்ல ஏத்திப்பிட்டு எறக்கி விட்டதும் உண்டு தாயீ. வண்டி நகரட்டும்” என்றார்.