காலி அறைக்கு ஈரத் துண்டு

கோவாவில் கேசினோ கப்பல்கள் நிற்கும் கரையோரம் தேவைக்கு மேல் ஓட்டல்களைக் கட்டித் தள்ளிவிட்டார்கள்.

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் பள்ளித் தோழன் அந்தோணியைப் பார்த்தேன். கோவாவில் அப்படி ஒரு ஓட்டலில் ரூம் பாயாக இருப்பவன்.

“இன்னாடா, லீவா?”

“லீவு இல்ல மாமு. சம்பளம் இல்லாம வூட்டுக்கு அனுப்சிட்டானுங்க. ரூம் ரொம்புனா கூப்புடுவானுங்களாம்.”

“அத்தினி பேரு வரான், ரூம் ஏன் காலியா கீது?”

“சூதாட வர்றவன் எங்க தூங்குறான்? விடிய விடிய ஆடிட்டு நேரா ஏர்போர்ட்டுக்குப் பூடுறான்.”

“அப்ப நீ இன்னா வேலை பாத்தே?”

“சாயங்காலமானா காலி ரூம்ல லைட்டு போடுவேன். பால்கனில ஈரத் துண்டு தொங்கவுடுவேன். ஆளு கீற மாதிரி தெரியணும்ல?”

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். அந்தோணி சிரிக்கவில்லை.

“அத்தப் பாத்துட்டு, இங்க கூட்டம் அள்ளுதுன்னு எதிர்லயே இன்னொருத்தன் ஓட்டல் கட்டிட்டான் மாமு. வந்துகினு இருந்த நாலு பேரும் அங்க பூட்டாங்க.”

தப்புக் கணக்குப் போட்டது முதலாளிகள். வேலை போனது துண்டு தொங்கவிட்டவனுக்கு. ‘எப்ப வரட்டும் சார்?’ என்று அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை மேனேஜர் பார்த்துவிட்டார். பதில் மட்டும் இல்லை.

சூதாடப் போகும் நண்பர்களே, அவன் ஓட்டலில் ஒரு ராத்திரியாவது அறையெடுத்துத் தூங்குவேன் என்று கீழே கமெண்டில் எழுதிவிட்டுப் போங்கள்.