பிரியாணியும் உள்ளூர் வேலையும்

நெடிய ஆலோசனைக்குப் பின், இன்று மதியம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மட்டன் பிரியாணி சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

காலையில்தான் வயிற்றுப்போக்கு என்று சொல்லி மருத்துவ விடுப்பு எடுத்திருந்தேன். அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கிறது.

முதல் வாய் வைப்பதற்குள், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மேசை மேசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“கல்வி, சுகாதாரம், உள்ளூர்க்காரங்களுக்கு வேலை. இந்த மூணுதாண்ணே எனக்கு முக்கியம். வாங்க, ஒரு போட்டோ எடுப்போம்.”

“ஐயோ, வேணாம் சார்.”

“வெக்கப்படாதீங்க லா!”

வியர்வையைத் துடைப்பதுபோல் கைக்குட்டையால் முகத்தை மறைத்தேன். நான் நெகிழ்ந்துவிட்டதாக நினைத்துத் தோளை அணைத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க, உங்க வேலையை நாங்க பாத்துக்குறோம்.”

படம் இப்போது அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறது. தட்டு தெளிவாகத் தெரிகிறது. பிரியாணியைக் கஞ்சி என்று நம்பவைக்க யாருக்காவது வழி தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

என் மேலாளர் அந்தப் படத்துக்கு லைக் போட்டிருக்கிறார்.