மாங்கனீசுக் கம்பெனிக் கூட்டத்தில் அம்மா

பெரியப்பா என் தலையில் வைத்த குட்டு இன்னும் எனக்கு ஆறவில்லை. வலி அன்றே போய்விட்டது. செய்யாத குற்றத்துக்கு வாங்கினேன் என்பதுதான் ஆறவில்லை.

ஊரடங்குக் காலம் அது. அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியும், குளிக்க ஒருவரையும் விடாத சீசன். இலஞ்சியில் எங்கள் வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்தோம். அம்மா தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சர், சம்பளம் பாதியாகியிருந்தது. நான் ஏழாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று எனக்கு வாங்கிய செல்போன்தான் வீட்டிலேயே நல்ல போன்.

அம்மாவுக்குப் பங்குச் சந்தையில் ஒரு பைத்தியம் உண்டு, அதுவும் சுரங்கக் கம்பெனிகள் மேல். அப்பாவும் பெரியப்பாவும் அதைச் சீட்டாட்டத்தோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். அவர்களுக்கு ஓர் எழவும் தெரியாது. சீட்டாடுகிறவள் யாராவது, கிரைண்டரில் மாவு ஓடுகிற நேரத்தில்கூட ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படிப்பாளா? வடக்கே மாங்கனீசு வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியை அப்படிப் படித்துத்தான் பிடித்தாள். அதன் பங்கு மொத்தத்தையும் சந்தை விலைக்கு வாங்க ஆகும் தொகையைவிட, வெட்டிக் குவித்திருந்த தாதுவும் பேங்கில் கிடந்த பணமும் கூடுதல். சுரங்கம் சும்மா கிடைத்த மாதிரி. தன் சேமிப்பை அதில் போட்டாள்.

ஆனால் விலை அசையவில்லை. இன்னும் படித்தாள். தாது முழுவதும் ஒரே வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குப் போவது தெரிந்தது. அந்த வியாபாரி, சேர்மனின் மருமகன்.

"பங்குதாரர் கூட்டத்துல கேக்கேன். பதிலப் பாத்துட்டு, வச்சுக்கிடவா விக்கவான்னு முடிவு பண்ணுதேன்" என்றாள். உடனே விற்கச் சொன்ன அப்பா, அதுவரை பொறுக்கச் சம்மதித்தார்.

கூட்டம் செல்போனிலேயே நடந்தது. அம்மா ஆண்டு விழாப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, ஒத்திகை பார்த்த இங்கிலீஷோடு உட்கார்ந்தாள். போனை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலிருந்து பெரியப்பா வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். முதலில் பேசியவர் சேர்மனை வாழ்த்தினார். அடுத்தவர் சேர்மனின் அம்மாவையும் சேர்த்து வாழ்த்தினார். இன்னொருவர், தீபாவளிக்குப் பங்குதாரர்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டா என்று விலாவாரியாக விசாரித்தார். அதற்கெல்லாம் சேர்மனுக்கு நேரம் இருந்தது.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வணக்கம் சொன்னாள். தாது விற்கும் விலையைச் சொன்னாள். மருமகன் என்ற இடத்துக்கு வந்ததும் பட்டென்று சத்தம் அடங்கியது. திரையில் அம்மாவின் முகமும் போய்விட்டது. அந்தம்மாவுக்கு நெட்வொர்க் சரியில்லை போல என்று சிரித்தபடி சேர்மன் அடுத்தவரை அழைத்தார்.

"ஏட்டி, என்னத்தப் போயி அமுக்குன?" என்று ஓங்கிக் குட்டினார் பெரியப்பா.

"அவ தொடவே இல்ல அத்தான். அங்கன இருந்து அடச்சுட்டானுவ" என்றாள் அம்மா.

"அம்புட்டுப் பெரிய ஆளு, இலஞ்சியில இருக்க ஒன்னப் பாத்துப் பயந்துட்டானாக்கும்!" என்றார் அப்பா. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கை தவறி நான்தான் எதையோ அமுக்கிவிட்டேன் என்று நினைத்து அழுதேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. எனக்காக அம்மா பொய் சொல்கிறாளே!

மறுநாள் காலையிலேயே அம்மா எல்லாப் பங்கையும் கொஞ்சம் நஷ்டத்துக்கு விற்றுவிட்டாள். பிறகு அந்தப் பங்கு சீந்துவாரில்லாமல் போனது. அது போதாதா பெரியப்பாவுக்கு? தாம் ஓர் அதட்டல் போட்டதால்தான் தம்பி பெண்டாட்டியின் பணம் தப்பியது என்று போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். என் பெயரிலும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. போன மாதம் ஹாஸ்டலில் உட்கார்ந்து அப்படியொரு கூட்டத்தைப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டார். பாதியில் சத்தம் அடங்கியது. அவருக்கும் நெட்வொர்க் சரியில்லையாம். அவர் வீட்டில் எந்தப் பிள்ளை குட்டு வாங்கியதோ!

ஆத்திரத்தோடு அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அன்றைக்கு நீ எனக்காகப் பொய் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"பொய்யா? என் வாய அடச்சாம்லா, அதாம்ட்டி எனக்குப் பதிலு. அதனாலதான் மறுநாளே வித்தேன்."

பிறகு அம்மாவே கேட்டாள்:

"அவுக நம்பல, சரி. நீயுமாட்டி நம்பல?"