சென்னம்மா இடித்த திருநெல்வேலி

ஐம்பத்தாறாம் வருஷம் ஓசூரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரே தகரக் கொட்டகைக்குள் தஞ்சாவூரும் மதுரையும் திருநெல்வேலியும் இருந்தன. ஊருக்கு ஊர் எல்லை ஒரு கோணிப்படுதா. மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர்களுக்கு அவரவர் ஊர்ச் சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி விற்கும் மூன்று கடைகள். மூன்றுக்கும் முதலாளி ராமப்பன். அவன் தெற்கே பார்த்த கடைசி ஊர் தர்மபுரி, அதுவும் ஒரு சாவுக்குப் போனது.

சரக்கு வெள்ளிக்கிழமை லாரியில் வருகிறது என்பான். வந்ததெல்லாம் கொட்டகைக்குப் பின்புறம் கிடந்த உரலிலிருந்துதான். உலக்கை பிடித்தவள் அவன் பெண்டாட்டி சென்னம்மா, வீட்டில் கன்னடம் பேசுகிறவள். அந்த வருஷம் மாநில எல்லையைப் பிரிக்கப் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சென்னம்மா ஒரு கைப்பிடி மல்லியில் வேலையை முடித்தாள். மல்லி தூக்கல் என்றால் தஞ்சாவூர், காரம் தூக்கல் என்றால் மதுரை. திருநெல்வேலி இட்லிப்பொடிக்கு மட்டும் தனி மனசு வைத்து, தன் தாய்வீட்டு மேட்டுக்காட்டில் விளைந்த, எள் மாதிரி கறுத்த உச்செள்ளை வறுத்துச் சேர்த்தாள். திருநெல்வேலிக்காரர்கள் அந்த விதையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஓசூருக்கு மாற்றல் என்றால் அந்தமானுக்கு அனுப்பியதுபோல் மூக்கைச் சிந்துகிறவர்கள் அந்த உத்தியோகஸ்தர்கள். ஞாயிறு காலை வந்து, பொடியை மோந்து, கண்ணை மூடி நிற்பார்கள். தஞ்சாவூர் வாத்தியார் மதுரைப் பொடியை மாடுகூடத் தின்னாது என்பார். படுதாவுக்குப் பின்னால் சென்னம்மா முதலில் சிரித்தாள். மூன்று வருஷம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வாய் புகழ்கிறதே, இது என் கை என்று ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கொட்டகை நின்றது சர்க்கார் நிலத்தில். வருஷா வருஷம் அனுமதி தரும் அதிகாரி திருநெல்வேலிக்காரர். ரசஞ்சாதத்துக்கும் அந்த இட்லிப்பொடியே போட்டுச் சாப்பிடுகிறவர். அதனால் வியாபாரம் பிழைத்துக் கிடந்தது. அந்தத் தடவை கொட்டகையைப் பார்வையிட வந்தவர், புதிதாக ஊரிலிருந்து வந்த மனைவி சரோஜம்மாளையும் கூட்டி வந்தார்.

சரோஜம்மாள் திருநெல்வேலிப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

“இது நம்ம ஊர்ப் பொடி இல்லீங்க. என்னமோ வேற எள்ளுல்லா போட்டிருக்கு. ஆனா நல்லாருக்கு. யாரு செஞ்சது?”

ராமப்பன் முந்திக்கொண்டான். “லாரில வர்றதுங்கம்மா” என்றான்.

அவன் முறைப்பதைப் பார்த்தும் சென்னம்மா படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சோற்றுக்கு வழி போனாலும் போகட்டும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றிவிட்டது.

“நான் இடிச்சதுங்கம்மா. எங்க காட்டு உச்செள்ளு. லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ராமப்பனிடம் திரும்பினார்.

“என்னவே, உம்ம பொண்டாட்டி இப்பிடிப் புளுகுதா? தாமிரவருணித் தண்ணி குடிச்ச கைக்குல்லா இந்த ருசி வரும்?” மனைவியையும் விடவில்லை. “நீயும் பட்டணத்துல படிச்சு நாக்கு செத்துப்போனவ. பேசாம இரி.”

போகும்போது சரோஜம்மாள் சென்னம்மாவிடம், “ரெண்டு படி எனக்கு எடுத்து வைங்க” என்று மெல்லச் சொல்லிப் போனாள்.

மறுவாரம் அனுமதிக் காகிதம் வந்தது. ராமப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அடியில் அதிகாரி தம் கைப்பட ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். உள்ளூரில் செய்த பொருள் எதையும் இக்கொட்டகையில் விற்றால் அனுமதி உடனே ரத்து.

“அப்ப நான் என்ன பண்றது?” என்றாள் சென்னம்மா.

ராமப்பன் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினான். “சத்தம் வெளிய கேக்காம இடி.”