செயலியில் எல்லாம் பச்சை

"உங்க எஸ்டேட் ஆளுங்க ஆப்பெல்லாம் தொடுவாங்களா? ஒன் வீட்டுலயே நீதான் மொதல்ல படிச்சவ. நீ அவங்களுக்குச் சொல்லிக் குடுத்து... பாப்போம்லா!"

மலேசியாவின் ஈப்போவில் முதுகெலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் தாதியாகச் சேர்ந்த வாரம், மேலாளர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். ஆமாம், என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான்.

வீடு திரும்பிய நோயாளிகள் தினமும் காலையில் செயலியில் சில கேள்விகளுக்குப் பதில் தட்ட வேண்டும். வலி எப்படி, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா. கோளாறு என்றால் எங்கள் திரையில் சிவப்பு. கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். தமிழிலும் வேண்டும் என்று கேட்டேன். "அப்புறம் பாக்கலாம்லா" என்றார் மேலாளர்.

கோப்பெங் ஊர்ச் செல்லம்மாக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைத் தோட்டத்தில் குனிந்து குனிந்து இடுப்பு போய், எங்களிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பதிவு முகப்பில் அவர் மகன் குமாரின் நம்பரைத்தான் வாங்கினார்கள். குமார் ஒருநாளும் தவறாமல் தட்டினார். அக்காவின் பெயருக்கு நேரே எப்போதும் பச்சை.

தையல் பிரிக்க வந்த அன்று அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரைச்சீலைக்குள் அழைத்துப் போனேன்.

"ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதாக்கா?"

"முக்கினாதான் சொட்டுது, மிஸ்ஸி. அங்கல்லாம் தொட்டாக்கூடத் தெரியல."

"குமாருகிட்ட சொல்லலியா?"

"பெத்த மவன்கிட்ட இதையா சொல்லுவாங்க? எல்லாம் ஓகேவாம்மான்னு கேப்பான். ஓகேதான்யா, வேலைக்குப் போன்னுருவேன்."

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ரத்தக்கட்டு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றே மறுபடி அறுவை சிகிச்சை. கால்கள் தப்பின. சிறுநீருக்கு இன்னும் குழாய்தான். அது சரியாகுமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தில் மேலாளர், "அப்பவே சொன்னேன்லா, உங்க ஆளுங்க ஒழுங்கா பதில் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"அவங்ககிட்ட யாருமே கேக்கல சார். நாம மவன்கிட்ட கேட்டோம், அதுவும் மலாய்ல."

கூட்டம் முடிந்து எழுந்து வந்தேன். வெளியே குமார், "நான்தான் தப்பா தட்டிட்டேனா மிஸ்ஸி?" என்று கேட்டார். அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புதிதாக வரும் தாதிகளே, பச்சை என்றால் நோயாளி நலம் என்று பொருளில்லை. யாரோ தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தட்டியது யார் என்று கேளுங்கள்.

செயலியில் தமிழ் வரும்வரை காத்திருக்க நான் தயாரில்லை. எல்லாக் கேள்விகளையும் என் குரலில் தமிழில் பதிந்துவிட்டேன். நேற்று ஆயர் தாவார் ஊர் அம்மா ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மகன் தன் கைத்தொலைபேசியை நீட்டினார்.

"ஒங்க நம்பர் வேணாண்ணே. கொஞ்சம் வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் பையிலிருந்த அவருடைய சொந்தத் தொலைபேசியை வாங்கி, என் குரல் பதிவுகளை அதில் ஏற்றி, முதல் கேள்வியை ஒலிக்கவிட்டேன்.