காக்காய் எடுத்த சோறு

எண்பதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வெள்ளைக் கோட்டு போட்டதால் அம்மா என்னைப் பாதி டாக்டர் என்றே நம்பினாள்.

அப்பா இறந்தபின் என்னோடு டவுனுக்கு வந்தவள், நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சலாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அவள் சிறுநீரிலிருந்த கிருமியை நானே தட்டில் வளர்த்தேன். அதன்மேல் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளியும். அம்மாவின் தட்டில் எங்கும் தெளியவில்லை. களத்தில் சிந்திய ராகி மழைக்கு முளைத்த மாதிரி, வில்லையின் விளிம்புவரை அடர்ந்திருந்தது.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பார்க்க வந்தார். அம்மாவின் கிருமியிடம் பலிக்காத மருந்து ஒன்றின் பெயரைச் சொன்னேன்.

"அட, அது நம்ம கோழித் தீவனத்துல கலக்கறதுங்க மாப்ள. அது போடாட்டி கோழி நிக்குமா?"

"செத்த கோழிய என்னங்க மாமா பண்றீங்க?"

"பண்ணைக்குப் பொறத்தால வீசறதுதான். காக்காயிக பாத்துக்கும்."

எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரிலும் காக்காய்கள் உட்காரும். சுவருக்குக் கீழேதான் நாங்கள் புழங்கும், மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி. எச்சத்தைச் சுரண்டிக் கொண்டுபோய் வளர்த்தேன். அதிலும் ஒரு வில்லையைச் சுற்றிக்கூடத் தெளியவில்லை.

"காக்காய்க்கு எந்த டாக்டர்யா மாத்திரை எழுதிக் குடுத்தது?" என்று எங்கள் பரிசோதனைக்கூடத்து மருத்துவர் சிரித்தார். தட்டைத் திருப்பிப் பார்த்தபின் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. தொட்டியைத் தகரத்தால் மூடிக் கல் வைத்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அமாவாசையன்று அம்மா கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

"உங்கப்பனுக்கு வெக்காம நான் எப்பிடி சாமி திங்கறது? ஊட்டுக்குப் போயி வெச்சுட்டு வா. காக்கா எடுக்கட்டும்."

"கஞ்சியாச்சும் குடிக்கோணும்னு டாக்டரு சொல்றாருங்கம்மா."

"அவரு இத்தன நாளா என்னத்தக் கிழிச்சாரு?"

அந்த உடம்பில் இனி ஏதாவது சேருமென்றால் அது கஞ்சி மட்டுந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி, இலையில் வைத்து, மாடிச் சுவரருகே நின்று "கா, கா" என்று கூப்பிட்டேன். கிட்டே அண்டக்கூடாது என்று விரட்டிக்கொண்டிருந்த காக்காய்களைத்தான் கூப்பிட்டேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஒன்று வந்தது. ஒரு வாய் கொத்திக்கொண்டு, தகரத்தின் மேல் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் பறந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

"எடுத்துச்சா சாமி?"

"எடுத்துச்சுங்கம்மா."

அம்மா வாயைத் திறந்தாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி கடைவாயில் வழிந்தது.

அடுத்த அமாவாசைக்கு அதே சுவரில் இரண்டு இலை வைத்தேன்.