சிரித்தால் நிற்கும் வண்டி

மதினியின் சக்கர நாற்காலியில், இடது கன்னத்தை ஒட்டி, பழைய கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்று கட்டியிருக்கும். அதன் ஒயரை வெட்டி, வீடியோ கேம் ஆடும் கருவியோடு பற்றவைத்தவன் நான்தான். "கொழுந்தனாரு வாலறுந்த எலியக் கொண்டாந்து என் கன்னத்துல கெட்டிட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் மதினி பெருமையாகப் புகார் சொல்வாள்.

மதினியைக் கேலி பேசாத கொழுந்தன் இருந்து என்ன பிரயோசனம்? கல்யாணமாகி எங்கள் டவுண் வீட்டுக்கு வந்த புதிதில், குக்கர் கத்தினாலும் எழுந்திருக்காமல் என்னோடு கார் பந்தயம் ஆடுவாள். தோற்கிற மாதிரி இருந்தால் முழங்கையால் விலாவில் இடிப்பாள். அண்ணன் எங்கள் இருவரையும் சேர்த்து ஓட்டுவான். அவள் முதன்முதலில் வைத்த சொதி, தேங்காய்ப்பால் திரிந்து, வாயில் வைக்க முடியாமல் போன கதையை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்வான். இப்படி இருந்த வீடுதான். மணிமுத்தாறு அருவிக்குப் போய்த் திரும்பும்போது பைக் சறுக்கியது. அண்ணனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மதினிக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

வண்டியை ஓட்டியது தான் என்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை. "ஏட்டி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், "என்னம்மா வேணும்?" என்று ஆஸ்பத்திரிக் குரலில் கேட்கத் தொடங்கினான். சொந்தபந்தமும் அப்படித்தான். ஒருநாள் மதினி என்னிடம் பொரிந்துவிட்டாள். "எல்லாரும் துட்டி வீட்டுக்கு வந்த மாதிரி பேசுதாவ. நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு கேலி உண்டா, ஒரு சண்டை உண்டா? ஒங்க அண்ணன் பழைய ஆளா எனக்கு வேணும் தம்பி. அவுகள ஒரு ஆட்டத்துல உட்கார வைங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

தலை அசையும், தாடை அசையும், கன்னம் அசையும். அது போதாதா? கட்டைவிரலால் தள்ளுகிற குச்சியைத் தாடைக்கு அடியில் நிறுத்தினேன், அது ஸ்டியரிங். வேகம் கூட்டும் பொத்தானை ரப்பர் பேண்டு போட்டு அமுக்கியே வைத்துவிட்டேன். பிரேக்குக்கு மட்டும் கன்னத்தில் அந்த மவுஸ். உலகத்திலேயே முதலில் செய்தவன் நான்தான் என்று கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன். பிறகு இணையத்தில் பார்த்தால், நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலேயே, மூச்சை ஊதியும் உறிஞ்சியும் ஆடுகிற கருவி வெளிநாட்டில் வந்திருக்கிறது. அது எல்லோர் கைக்கும் எட்டவில்லை. அப்புறம் எத்தனையோ வருஷம், எங்கெங்கோ யார் யாரோ, தங்கள் வீட்டு ஆளுக்காக என்னைப் போலவே ஒயரை வெட்டி ஒட்டித்தான் சமாளித்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் என்று தோன்றியது.

என் கருவியில் ஒரு கோளாறு இருந்தது. மதினி சிரித்தால் கன்னம் உப்பும், மவுஸ் 'டக்' என்று அமுங்கும், கார் நின்றுவிடும். சிரிப்பே இல்லாத வீட்டில் அது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

அண்ணன் முதலில் கடமைக்கு ஆடினான். வேண்டுமென்றே மெதுவாகப் போவான். "மாட்டு வண்டியா ஓட்டுதீய?" என்று மதினி சீண்டச் சீண்ட, மானம் போகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றில் மதினி நிஜமாகவே முந்திவிட்டாள். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன்னை மறந்து சொல்லிவிட்டான்: "ஏட்டி, பைய போ. நீ வச்ச சொதி மாதிரி கடைசில திரிஞ்சிரப்போவுது."

டக். மதினியின் கார் நடுரோட்டில் நின்றது. அண்ணன் ஜெயித்தான். "சிரிக்க வச்சு ஜெயிக்குதீயளே, இது கள்ளத்தனம்லா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் காதுவரை ஓடியது. அண்ணன்தான் துடைத்துவிட்டான். மவுஸைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுகிறேன் என்று எழுந்தேன். "தம்பி, அதுல கைய வைக்காதீங்க. சிரிச்சா நிக்கட்டும்" என்றாள்.

இப்போது இந்த மாதிரிக் கருவியைக் கடையிலேயே விற்கிறார்கள். பெரிய நிறுவனம் ஒன்று செய்த தட்டைப் பலகை. எந்த சுவிட்சையும் செருகிக்கொள்ள வரிசையாகத் துளைகள். கன்னத்துக்கென்றே தனி சுவிட்ச், சிரிப்புக்கெல்லாம் அசையாது. அதை வைத்து மதினி எந்தெந்த ஊர்ப் பையன்களையோ இணையத்தில் ஓடஓட விரட்டுகிறாள். தங்களைத் தோற்கடித்தது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணனோடு ஆடும்போது மட்டும் பழைய எலிதான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிவிட்டு, பலகையில் செருகுவதற்காக ஒயரோடு அவர்களுக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தேன். டிவியைக்கூட இன்னும் போடவில்லை. பின்னால் அண்ணன் ஏதோ "ஏட்டி" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். மீதி எனக்குக் கேட்கவில்லை.

டக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், டக், டக். ஒயர் என் கையில்தான் இருந்தது. செருகாமல் அப்படியே குனிந்து நின்றேன்.